பெயர் போடாத ஒரு விமர்சனம்: திருகோணமலையில் பிள்ளைகளுக்கான ஒரு சட்ட, உளவள உதவி நிலையம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிலையத்தின் பெயரும் இடமும் இதில் இல்லை. சாப்பாட்டுக் கடைக்கு எழுதுகிற மாதிரி பெயரும் வரைபடமும் போட்டால், அந்த வாசலுக்குள் எந்த வீட்டுப் பிள்ளை போகிறது என்று பார்ப்பதற்கென்றே எதிர்க்கடையில் ஆட்கள் நின்று பிளேன்ரீ குடிப்பார்கள். எங்கள் ஊரை எனக்குத் தெரியும். வெளியே இருக்கிற பலகையிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்கிற மாதிரி ஒரு சொல் கிடையாது, அது வேண்டுமென்றே செய்தது. அதோடு பிள்ளைகள் மீதான பாலியல் துஷ்பிரயோகம் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும்படி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படியே குற்றம். முகநூலில் "பாவம் இந்தப் பிள்ளை" என்று படத்தோடு பகிர்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்தால் நல்லது.

ஆகவே எங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் செய்தது, எந்தப் பாடசாலை என்றெல்லாம் இங்கே தேட வேண்டாம். நான் தாய்மாமன். மச்சான் கட்டாரில் வேலை, அதனால் தங்கச்சியோடும் பிள்ளையோடும் கூடப் போய்வந்த ஆள் நான்தான். தங்கச்சி வாசித்துப் பார்த்து, சில வரிகளை வெட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் இதைப் போடுகிறேன்.

சரி, பெயர் இல்லாமல் எப்படிப் போய்ச் சேருவது? 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணித்தியாலமும் வேலை செய்யும், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் முறையிடலாம். தொலைபேசியில் பேசப் பிடிக்காதவர்கள் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கிற மாவட்ட சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடமோ, உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ போகலாம். இந்த மூன்று பேரும் மூன்று வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு திணைக்களம். எங்களுக்கு வழி காட்டியவர் அவர்களில் ஒருவர்தான். "வழக்குக்கும் பிள்ளையின் மனசுக்கும் ஒரே இடத்தில் ஆள் இருக்கு, போய்ப் பாருங்கோ" என்று ஒரு துண்டில் இலக்கம் எழுதித் தந்தார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று ஏன் போனது என்று பிறகு சொல்கிறேன், சின்னக் காரணம் இல்லை.

இடம் சாதாரணம். நகரத்துக்குள், பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பழைய வீடு ஒன்று, முன் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மின்விசிறி சுற்றும், மற்றது சுற்றாது. கவனித்த ஒரு நல்ல விஷயம், உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும் வேறு வேறு. ஒரு குடும்பம் போகும்போது அடுத்த குடும்பத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஊரில் அது பெரிய காரியம். காசு எதுவும் வாங்குவதில்லை, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் செலவும் கொடுக்கிறார்கள்.

இனி சட்டப் பக்கம். அங்கே இருக்கிற சட்டத்தரணி ஒரு பெண், குரல் உயர்த்தாமல் பேசுகிற ஆள். முதல் சந்திப்பில் பிள்ளையை விளையாட்டு அறைக்கு அனுப்பிவிட்டு எங்களிடம் சொன்ன முதல் விஷயம், இனி வீட்டில் யாரும் பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பதுதான். அதற்குள் பிள்ளை தாயிடம் சொல்லி, அம்மம்மாவிடம் சொல்லி, வகுப்பு ரீச்சரிடம் சொல்லி, பொலிஸில் சொல்லி, ஆஸ்பத்திரியில் சொல்லி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்திருந்தது. தானாகச் சொன்னால் காது கொடுங்கள், சொன்ன சொல்லிலேயே திகதி போட்டு எழுதி வையுங்கள், அப்படியா இப்படியா என்று எடுத்துக் கொடுக்காதீர்கள் என்றார். எடுத்துக் கொடுத்துக் கேட்டால் பிள்ளைக்கும் கஷ்டம், நாளைக்கு எதிர்த்தரப்பு எழுந்து "இது வீட்டில் சொல்லிக் கொடுத்த கதை" என்று சொல்வதற்கும் நாமே வழி திறந்து விடுகிறோம்.

ஒரு பிள்ளை ஒரே கதையைப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டியிருப்பது எல்லா நாட்டிலும் இருந்த வியாதிதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இல் ஒரு அரச வழக்குத்தொடுநர், பட் க்ரேமர் என்பவர், இதற்காகவே பொலிஸ், சட்டம், வைத்தியம், உளவளத்துணை எல்லாவற்றையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவர ஏற்பாடு செய்தார். பிள்ளை எங்கும் அலையாமல் பெரியவர்கள் பிள்ளையிடம் வருவது. 1998இல் ஐஸ்லாந்திலும் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார்கள். எங்கள் நாட்டில் 1999இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, பிள்ளையோடு நடத்துகிற முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்க இடம் வைத்தார்கள். அதற்குப் பிறகும் குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை கிடைக்கத்தான் வேண்டும். சட்டம் இருக்கிறதே தவிர, சாதாரணமாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த வீடியோ வசதி பக்கத்தில் கிடைப்பதில்லை. எங்களுக்கும் கிடைக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு பொலிஸ் நிலையத்தில், எது என்று சொல்லவில்லை, பெண்கள் சிறுவர் பிரிவில் ஒரு பெண் அலுவலர். நல்ல மனுசி, பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். ஆனால் தங்கச்சி தமிழில் சொன்னதை அவர் எழுதியது சிங்களத்தில். வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தாள், யார் வைக்காமல் இருப்பார்கள் அந்த நேரத்தில்? வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, ஆனால் வழக்கின் அத்திவாரமான வாக்குமூலம் வேறு மொழியில் தொடங்குகிறது. சட்டத்தரணி அதன் பிரதியை எடுத்து வரிவரியாக மொழிபெயர்த்துப் பார்த்தார். ஒரு நேரம் மாறி எழுதப்பட்டிருந்தது. காலை, மாலை வித்தியாசம். மேலதிக வாக்குமூலம் கொடுக்க வைத்து அதைத் திருத்தினார். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் வருடக்கணக்குக்குப் பிறகு மேல் நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே பிள்ளையைப் பொய்யாக்கியிருப்பார்கள். எனக்கு இந்த நிலையத்தில் நம்பிக்கை வந்தது அந்த நாள்தான்.

சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை பற்றியும் யாரும் எங்களுக்குச் சொல்லாததைச் சட்டத்தரணிதான் சொன்னார். அறிக்கையில் காயம் எதுவும் இல்லை என்று வந்ததும் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே சிலர் "அப்ப ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று தொடங்கிவிட்டார்கள். துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, இது உலகம் முழுக்க வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம், அறிக்கை அப்படி வந்ததால் வழக்கு விழுந்துவிடாது என்று தாளில் எழுதிக் காட்டி விளங்கப்படுத்தினார். இதை வாசிக்கிற யாராவது இப்போது அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தப் பந்தியைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள்.

பிறகு பிள்ளை எங்கே இருப்பது என்ற பிரச்சினை. பழைய வீட்டில் வைத்திருக்க முடியாது. சிறுவர் இல்லத்தில் விடலாம் என்று பேச்சு வந்தது, தங்கச்சி அழுத அழுகையை எழுத முடியாது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இலிருந்து இருக்கிறது, அதன்படி நீதிமன்றம் பிள்ளையை ஒரு தகுந்த ஆளின் பொறுப்பிலும் விடலாம், இல்லம்தான் ஒரே வழி இல்லை. சட்டத்தரணி அந்த வழியில் விண்ணப்பித்தார். நன்னடத்தை உத்தியோகத்தர் என் வீட்டுக்கு வந்து பிள்ளை எங்கே படுக்கும், கதவுக்குப் பூட்டு இருக்கிறதா, வீட்டுக்கு யார் யார் வந்து போவார்கள், நான் குடிப்பேனா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். கேட்டது சரிதான். தாயும் பிள்ளையும் இப்போது என் வீட்டில்தான்.

"பேசித் தீர்க்கிற" ஆட்களும் வந்தார்கள். வராமல் இருப்பார்களா? கோயில் நிர்வாகத்தில் ஒருவர், தூரத்துச் சொந்தம் ஒருவர், பிள்ளையின் எதிர்காலம், குடும்ப மானம், கொஞ்சம் காணி என்று ஒழுங்காகத் தயார் பண்ணிக்கொண்டு வந்தார்கள். இது இணக்கசபையிலோ முற்றத்திலோ முடிக்கிற விஷயம் இல்லை. அரசு தொடுக்கிற குற்ற வழக்கு, நாங்களே விரும்பினாலும் வாபஸ் வாங்குகிற அதிகாரம் எங்களிடம் கிடையாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்தது, அதை மாற்றி 2023இல் புதிய சட்டம், 10ஆம் இலக்கம். சாட்சியை மிரட்டுவது அதன்படி தனிக் குற்றம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிந்துகொள்வது பாதிக்கப்பட்டவரின் உரிமை, நஷ்டஈடு கேட்கவும் இடம் இருக்கிறது. யார் வந்தார்கள், எப்போது, என்ன சொன்னார்கள் என்று எங்களை எழுதச் சொல்லி, அதை வைத்துச் சட்டத்தரணி ஒரு கடிதம் அனுப்பினார். காணி தருகிறேன் என்றவர் பிறகு என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஒன்றைச் சட்டத்தரணி மறைக்கவில்லை, இது எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை. நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அங்கேயிருந்து குற்றப்பத்திரிகை வந்து, மேல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு எடுக்க வருடங்கள் போகும், தவணை தள்ளிப்போகும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்துங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சொன்ன மாதிரியே போனது. நடுவில் கடிதங்கள் எழுதி விசாரித்துக்கொண்டே இருந்தார். சாட்சிக்கு அழைப்பு வந்தபோது, அனுமதி வாங்கி ஒரு பின்னேரம் வெறும் நீதிமன்ற மண்டபத்தைப் பிள்ளைக்குக் காட்டினார். நீதிபதி எங்கே இருப்பார், கறுப்புக் கோட் போட்டவர்களில் அரச சட்டவாதி யார், எதிர்த்தரப்பு யார், தண்ணீர் கேட்கலாம், விளங்கவில்லை என்றால் திருப்பிக் கேட்கச் சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. என் அம்மா கெஞ்சிக் கேட்டும் சொல்லவில்லை. எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் வேறு அறையிலிருந்து திரை வழியாகச் சாட்சி சொல்ல அந்தச் சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்கும் விண்ணப்பித்தார். வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உளவளத்துணைப் பக்கம்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. போக முன்பு நான் நினைத்தது, ஒருவர் பிள்ளையை உட்கார வைத்துப் புத்தி சொல்வார், தைரியமாக இரு என்பார், அவ்வளவுதான் என்று. வாசிக்கிற உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

ஆரம்பத்தில் பல வாரம் அந்த விஷயத்தைப் பற்றி மிஸ், உளவளத்துணையாளரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு சொல்லும் எடுக்கவில்லை. கலர் பெட்டி, மணல் தட்டு, கைப் பொம்மைகள், லூடோ. மனித உருவம் ஒன்று வரைந்த தாளைக் கொடுத்து, பயம் வந்தால் உடம்பில் எங்கே தெரியும், கோபம் வந்தால் எங்கே என்று கலர் அடிக்கச் சொல்வார். ஊதுபை ஊதுகிற மாதிரி வயிற்றால் மூச்சு எடுக்கப் பழக்கினார். அம்மா கேட்டா, "லூடோ விளையாடவா பஸ் ஏறிப் போறியள்?" என்று. மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டுத் தன் முறையை விளக்கினார். அமெரிக்காவில் ஜூடித் கோஹன், அந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் என்ற மூவர் உருவாக்கிய சிகிச்சை முறை, இப்படியான பாதிப்புக்கு உள்ளான 3 வயது முதல் 18 வயது வரையானவர்களுக்கென்றே செய்தது. சாதாரணமாக 12 முதல் 16 அமர்வுகள், சிக்கலானவர்களுக்கு 25 வரையும் போகும். முதலில் பயத்தைக் கையாளுகிற கருவிகளைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நடந்ததைத் தொடலாம். கருவி இல்லாமல் நடந்ததைப் பேசச் சொன்னால் அது இன்னொரு பொலிஸ் விசாரணைதான் என்றார்.

பிறகு பிள்ளை ஒரு சின்னப் புத்தகம் செய்யத் தொடங்கியது. தாள்களை மடித்துத் தைத்த புத்தகம். முதல் அத்தியாயம் தன்னைப் பற்றி, பிடித்த சாப்பாடு, பிடித்த கூட்டாளி. அடுத்தது அது நடப்பதற்கு முந்திய காலம். இப்படி ஒவ்வொரு அமர்விலும் கொஞ்சம் கிட்டப் போய், முடியவில்லை என்றால் நிறுத்தி மூச்சுப் பயிற்சி செய்து, திரும்பப் போய். நடந்ததை எழுதிய பக்கங்களுக்குள் பிள்ளை எழுதியிருந்த ஒரு விஷயம், நான்தான் அன்று அங்கே போனேன், அதனால் என் பிழை என்பது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிள்ளையின் மனசுக்குள் இருந்தது தெரியாது. நாங்கள் எல்லோரும் "மறந்துவிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம், பிள்ளை மறக்க முயன்றது தன் பிழையை. பெரியவர் ஒருவர் செய்கிற குற்றத்துக்கு யார் பொறுப்பு என்பதை மிஸ் பிள்ளையின் வாயாலேயே வர வைத்தார், அதற்கு மட்டும் பல அமர்வு போனது. கடைசி அத்தியாயம், இதே மாதிரி நடந்த இன்னொரு பிள்ளைக்கு நீ என்ன சொல்வாய் என்பது. அதில் என்ன இருந்தது என்று தங்கச்சி வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். அந்தப் புத்தகம் வீட்டுக்கு வரவில்லை, நிலையத்தின் அலுமாரியில் பூட்டி இருக்கிறது.

தாய்க்குத் தனி அமர்வு. இது எனக்கு ஆச்சரியம். பிள்ளைக்குச் செலவழித்த நேரத்துக்கு ஏறக்குறைய சமமாகத் தாயோடும் செலவழித்தார். பிள்ளை சொன்னதை நம்பி, குற்றம் சொல்லாமல் கூட நிற்கிற ஒரு பெரிய ஆள் வீட்டில் இருந்தால் பிள்ளை தேறுவது கூடும், அந்த ஆளே உடைந்துபோய் இருந்தால் கஷ்டம். தங்கச்சிக்கு அவர் சொன்னவற்றில் நான் கேட்டது ஒன்று: பிள்ளைக்கு முன்னால் அழலாம், அழுகை பிழை இல்லை, ஆனால் பிள்ளை உங்களைத் தேற்றுகிற நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, பாவம் என்று எல்லாவற்றையும் விட்டுக் கொடுக்காதீர்கள், படுக்கிற நேரம் படுக்க வேண்டும், வீட்டுப்பாடம் செய்ய வேண்டும், பழைய ஒழுங்கு திரும்ப வந்தால்தான் பிள்ளைக்கு வீடு பழைய மாதிரி இருக்கிறது என்று தெரியும். புத்தகத்தைப் பிள்ளை தாய்க்கு வாசித்துக் காட்டுவதற்கு முன், தாய் அதைக் கேட்டுத் தாங்குவதற்குத் தயாரா என்று தனியாகப் பார்த்துவிட்டுத்தான் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்.

அம்மா நூல் கட்ட வேண்டும் என்று நின்றா. படித்தவர்கள் சிரிப்பார்கள், மிஸ் சிரிக்கவில்லை. கட்டுங்கள் அம்மா, ஆனால் உனக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், சாமி துணைக்கு என்று சொல்லிக் கட்டுங்கள் என்றார். அம்மா அப்படியே கட்டினா. அதற்குப் பிறகு மிஸ் சொன்னால் அம்மாவுக்கு வேதவாக்கு.

பலன் என்ன என்று கேட்டால், குளியலறைக்கு லைட் போடாமல் போகிற நாள் வந்தது, பாடசாலைக்குப் போகாமல் வயிற்றுவலி என்று படுத்துக்கிடந்தது குறைந்தது, சண்டை பிடிக்கத் தொடங்கியது, நான் ரீவியை மாற்றினால் கத்துகிறது. நேர்கோடாகப் போகவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் முந்திய கிழமை நகம் கடிப்பதும் தூங்காமல் இருப்பதும் திரும்ப வரும். இது வரும், பழைய இடத்துக்கே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. தவணைக்கு முன் ஒரு கூடுதல் அமர்வு கொடுப்பார். தவணை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள், பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது செய்துவிட்டுப் போங்கள் என்பார், நாங்கள் கடற்கரைக்குப் போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, கோட்டைப் பக்கம் திரிகிற மான்களைப் பார்த்துவிட்டு வருவோம். ஒரு காலத்தில் தூக்கமே வராமல் போனபோது தானே வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் தந்து அனுப்பினார், அதையும் நல்ல குணமாகவே சொல்கிறேன்.

சட்டமும் உளவளத்துணையும் ஒரே வீட்டுக்குள் இருப்பதால் என்ன லாபம் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். தவணைத் திகதி தெரிந்ததும் சட்டத்தரணி அடுத்த அறைக்குப் போய்ப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்பார். ஆனால் பிள்ளை மிஸ்ஸிடம் சொன்னது அப்படியே சட்டத்தரணிக்குப் போகாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களுக்குச் சொல்வேன், மற்றதை உன்னைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று பிள்ளையிடமே ஆரம்பத்தில் ஒப்பந்தம். நாங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டார். அதைவிடப் பெரிய லாபம், தீர்ப்பு வந்தால்தான் பிள்ளை தேறும் என்று இருவரும் எங்களைக் காத்திருக்க விடவில்லை. தீர்ப்பு எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் தூக்கத்தை அதற்காகத் தள்ளி வைக்க முடியாது.

கிழக்கில் இப்படியான யோசனை புதிதும் இல்லை. மட்டக்களப்பில் போர்க்காலத்திலேயே, 1996இல், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கி, போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி, களிமண், பாட்டு, கதை என்று மனசைத் திறக்க வைத்தார்கள். அந்த அனுபவம் உள்ள மாகாணத்தில், இவ்வளவு காலத்துக்குப் பிறகும், ஒரு மாவட்டத்துக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவு ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்பது எரிச்சலாக இருக்கிறது.

இனி குறைந்த அந்த ஒரு நட்சத்திரம். நிலையம் வெளிநாட்டுக் காசில் நடக்கிறது, திட்டக் காலம் முடிந்ததும் எங்கள் மிஸ்ஸின் ஒப்பந்தமும் முடிந்தது. பிள்ளை அந்த ஆளை நம்பத் தொடங்கி நல்லாகப் போய்க்கொண்டிருந்த நேரம். புதியவருக்குக் கோப்பை ஒப்படைத்தார்கள், பிள்ளையை ஒப்படைக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு அமர்வாவது நடத்தியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை, ஒரு நாள் போனோம், கதிரையில் வேறு ஆள். பிள்ளை அன்று வாயைத் திறக்கவே இல்லை. புதியவர் கெட்டிக்காரிதான், திரும்பக் கட்டியெழுப்பினார், ஆனாலும் பெரியவர்கள் திடீரென்று மறைந்துபோவார்கள் என்று ஏற்கனவே நினைக்கிற பிள்ளைகளுக்கு இதை யோசித்துச் செய்ய வேண்டாமா? பொறுப்பாளரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

மற்றவை சில்லறை என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லாம் அவர்கள் கையில் இல்லை. புதுக் குடும்பங்களுக்குக் காத்திருப்பு வாரக்கணக்கில். சிங்களம் பேசுகிற உளவளத்துணையாளர் இல்லை, கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசிவிட்டுப் போனதைப் பார்த்தேன், இந்த விஷயத்தை மூன்றாவது ஆள் வழியாக எப்படிப் பேசுவது? வெருகல், புல்மோட்டைப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு அமர்வு என்றால் ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது. ஆண்பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் குறைவு. ஆண்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று அலட்சியமாக இருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் அதிகம், அவர்களுக்கென்று ஒரு ஆண் உளவளத்துணையாளரும் இல்லை. மச்சானை வட்ஸ்அப்பில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது முதலில் முடியாது என்றார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் தகப்பன் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறான், இதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா?

விறாந்தையில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைகள் நாங்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதில்லை, எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஆண்களுக்கென்றும் ஒரு அரை மணித்தியாலம் யாராவது பேசினால் நல்லது என்று எழுதிப் பெட்டியில் போட்டேன்.

போகிறவர்களுக்கு: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், எல்லாவற்றிலும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போட்டோகொப்பி மெஷின் பாதி நாள் பழுது. முறைப்பாடு இன்னும் செய்யவில்லை என்றாலும் போகலாம், திருப்பி அனுப்ப மாட்டார்கள். எதிர்த்தரப்பு பெரிய லோயரை வைத்திருக்கிறது என்று பயந்துகொண்டிருப்பவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவையும் கேட்டுப் பாருங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கேயும் இலவசம். சனிக்கிழமை காலை வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லி வையுங்கள், பிள்ளைக்கு வகுப்பு தவறாது. மத்தியானத்தில் போன் எடுக்க மாட்டார்கள், இரண்டரைக்குப் பிறகு அடியுங்கள், எடுக்கும் வரைக்கும் அடியுங்கள்.